லட்சத்தில் எண்ணாமல் மாதத்தில் எண்ணிப் பார்த்தால்

சேலம் அம்மாபேட்டையில் என் மாமா வீட்டு அலமாரியில் நகைக்கடை டைரிகள் வருஷ வரிசையாக அடுக்கியிருக்கும். மாமா ஒரு நூற்பாலையில் கணக்குப் பார்த்தவர். பால், காய்கறி, சிலிண்டர், கரண்ட் பில், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்று அன்றன்றைக்கு எழுதி, மாதக் கடைசியில் கோடு போட்டுக் கூட்டிவிடுவார். போன மாதம் போயிருந்தபோது 2009 டைரியை எடுத்துப் புரட்டினேன். அவர் ஓய்வு பெற்ற வருஷம் அது. கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் நாலே வரி: 12,00,000-க்கு 9 சதவீதம் 1,08,000. மாதத்துக்கு 9,000. வீட்டுச் செலவு 9,000. சரி. அந்த 'சரி'க்கு அடியில் இரண்டு கோடு.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அப்போது அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 9 சதவீதம்தான் வட்டி. ஒருவர் 15 லட்சம் வரை போடலாம், மாமாவிடம் இருந்தது 12. வட்டியில் சாப்பிடுவோம், முதல் பிள்ளைக்கு இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. அவர் தலைமுறையில் பாதிப் பேரின் கணக்கும் அதுதான். இன்றைக்கு அந்த 12 லட்சம் அப்படியே இருக்கிறது, ஒரு ரூபாய் குறையவில்லை. வட்டி இப்போது 8.2 சதவீதம், அதாவது மாதம் 8,200. செலவோ இந்த வருஷ டைரிப்படி 21,500. இடையில் உள்ள பள்ளத்தை பெங்களூரில் இருக்கும் பையன் நிரப்புகிறான். மாமா அதைப் பற்றிப் பேசமாட்டார். பேப்பர் நிறுத்திவிட்டார், பால் அரை லிட்டர் ஆகிவிட்டது, அதையும் டைரிதான் சொல்கிறது.

ரிடையர் ஆவதற்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நண்பர்கள் வட்டத்தில் ஒருவர் 2 கோடி என்பார், இன்னொருவர் 5 கோடி என்பார், ஏதாவது ஒரு கால்குலேட்டரில் தட்டினால் 7 கோடி என்று வரும், பார்த்ததும் வயிறு கலங்கி அதை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம். எனக்கும் 41 ஆகிறது, நானும் அப்படித்தான் மூடி வைத்திருந்தேன். மாமாவின் டைரியைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் மாமாவின் கணக்கு எங்கே சறுக்கியது என்று பார்ப்போம். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (ரிசர்வ் வங்கிக்கு 2016 முதல் கொடுத்திருக்கும் இலக்கு 4, மேலே போனால் 6 வரை. ஆனால் 2010-லிருந்து 2013 வரை 9, 10 என்றெல்லாம் ஏறியதை மறக்க முடியாது.) 12 லட்சம் தன் மதிப்பை அப்படியே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றால், அடுத்த வருஷம் அது 12,72,000 ஆகியிருக்க வேண்டும். ஆக, வந்த 1,08,000 வட்டியில் 72,000 விலைவாசியின் பங்கு. அதை முதலோடு திரும்பச் சேர்த்திருக்க வேண்டும். மிச்சம் 36,000, மாதத்துக்கு 3,000. அதுதான் மாமாவுக்கு உரியது. அவர் 9,000-ஐயும் செலவு செய்தார். முதலைத் தொடவே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, மாதாமாதம் முதலைத்தான் கரைத்துக்கொண்டிருந்தார். பாஸ்புக்கில் அது தெரியாது.

முதலையும் தொடாமல், அதன் மதிப்பும் குறையாமல், காலத்துக்கும் மாதம் 9,000 வேண்டும் என்றால் 2009-இலேயே அவருக்கு 36 லட்சம் இருந்திருக்க வேண்டும். சரி, முதலையும் சேர்த்தே தின்போம், 60-இலிருந்து 90 வரை 30 வருஷம் தாங்கினால் போதும் என்று வைத்தால், அதே 9 சதவீத வட்டியில் ஏறக்குறைய 22 லட்சம். இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவே இருக்கும் 14 லட்சம்தான் 'முதலைத் தொடக்கூடாது' என்ற பிடிவாதத்தின் விலை. பிள்ளைக்கு விட்டுப் போக ஆசை இருந்தால் தாராளமாக விடுங்கள், ஆனால் அது தனிச் செலவு என்று தெரிந்து விடுங்கள்.

இப்போது நான் பிடித்த பிடிக்கு வருகிறேன். பணத்தை லட்சத்தில் எண்ணுவதை விட்டுவிட்டு மாதத்தில் எண்ணுங்கள். மாமாவிடம் 2009-இல் இருந்தது 12 லட்சம் இல்லை, 133 மாதச் செலவு. 11 வருஷம். ஆளுக்கு அப்போது 60 வயது. இப்படி எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தில் 'சரி' என்று எழுதியிருப்பாரா? இன்றைக்கு அதே 12 லட்சம் 56 மாதம்.

மாதத்தில் எண்ணுவதில் இன்னொரு வசதி, 20 வருஷம் கழித்து அரிசி என்ன விலை விற்கும் என்ற ஜோசியம் தேவையில்லை. ஓய்வுக்குப் பிறகு உங்கள் பணம் ஈட்டும் வட்டி, வரி போக, விலைவாசியோடு சரிக்குச் சரியாக ஓடுகிறது, அதற்கு மேல் ஒரு பைசா இல்லை என்று வைத்துக்கொண்டால் போதும். வங்கி வைப்பிலும் அஞ்சலகத்திலும் போட்டு வைத்திருப்பவருக்கு நீண்ட காலத்தில் நடப்பது ஏறக்குறைய இதுதான். அப்படியென்றால் இன்றைக்கு ஒரு மாதச் செலவுக்கான பணம், 10 வருஷம் கழித்தும் ஒரு மாதச் செலவுக்கு வரும். 60-இல் ஓய்வு, 90 வரை வாழ்வு என்றால் 360 மாதம் வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

அதென்ன 90, எங்கள் பரம்பரையில் 75 தாண்டியவரே இல்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் கணக்கு உங்கள் வயதோடு முடிவதில்லை. மனைவி உங்களைவிட ஐந்தாறு வயது சின்னவர் என்றால் அவருக்கும் சேர்த்துத்தான் ஓட வேண்டும். என் தெருவிலேயே எண்ணிப் பார்த்தேன், 80-க்கு மேல் தனியாக இருப்பவர்கள் ஐந்து பேர். ஐந்தும் பாட்டிகள்.

அமெரிக்காவில் இதே கேள்விக்கு 4 சதவீத விதி என்று ஒன்று பிரபலம். வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-இல் எழுதியது. ஓய்வு பெற்ற முதல் வருஷம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்துக்கொள், அடுத்தடுத்த வருஷம் விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொள், 30 வருஷம் தாங்கும் என்றார். 4 சதவீதம் என்றால் 25 வருஷச் செலவு, அதை மாதமாக்கினால் 300. நம் ஊர் ஆலோசகர்களும் வருஷச் செலவைப்போல 25 மடங்கு என்று இதைத்தான் ஒப்பிக்கிறார்கள். அவர் பார்த்தது 1926 முதலான அமெரிக்கப் பங்குச்சந்தைக் கணக்கு, அதிலும் பாதிப் பணம் பங்குகளில் இருந்தது. எல்லாவற்றையும் அஞ்சலகத்தில் போட்டுவிட்டு அந்த 300-ஐ மட்டும் கடன் வாங்குவது நியாயமில்லை. அதனால் நான் 360-இலேயே நிற்கிறேன்.

சரி, ஒரு மாதச் செலவு எவ்வளவு? இங்கேதான் ஆளாளுக்குத் தடுமாறுகிறோம். எத்தனை சதவீதம் வருமானம் கிடைக்கும், 11-ஆ 12-ஆ என்று மணிக்கணக்கில் பேசுவோம், போன மாதம் வீட்டில் எவ்வளவு செலவானது என்று கேட்டால் கூரையைப் பார்ப்போம். 12 சதவீதம் நம் கையில் இல்லை, செலவுக் கணக்கு நம் கையில் இருக்கிறது. நான் மூன்று மாத வங்கிக் கணக்கையும் ஜிபே பட்டியலையும் எடுத்து உட்கார்ந்தேன். மொத்தம் 58,000 வந்தது. அதில் வீட்டுக் கடன் தவணையும் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் ஓய்வுக்குள் முடிந்துவிடும். வண்டிக்குப் பெட்ரோல் பாதியாகும். மிஞ்சியது 26,000. அப்புறம் கூட்ட வேண்டியவை வந்தன. மாத்திரை மருந்து இப்போது 600, அது 600-ஆக நிற்காது. மொய் குறையாது, வயதாக ஆகப் பத்திரிகை அதிகமாகத்தான் வரும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குலதெய்வம் கோயில், பேரப்பிள்ளைகள் வந்தால் செலவு. ஆக 30,000 என்று முடித்தேன்.

தமிழ்நாட்டில் இருப்பதில் சில சின்னச் சின்ன லாபங்களும் உண்டு, கணக்கில் தானாகவே அவை வந்துவிடும். இரண்டு மாதக் கரண்ட் பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், ரேஷன் அரிசி இலவசம், 2021-லிருந்து அத்தைக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. சேலத்தில் சொந்த வீட்டில் இருக்கும் ஒரு தம்பதி 30,000-இல் கௌரவமாக வாழலாம் என்று சொன்னால் சென்னைக்காரர்கள் நம்பமாட்டார்கள், நான் வாதாடவும் போவதில்லை. உங்கள் கணக்கை உங்கள் ஊர் விலையில் போடுங்கள்.

30,000-ஐ 360-ஆல் பெருக்கினால் 1 கோடியே 8 லட்சம். இது இன்றைய மதிப்பில். 6 சதவீத விலைவாசியில் 20 வருஷம் கழித்து இதே தொகை 3 கோடியே 46 லட்சமாகத் தெரியும், கால்குலேட்டர் காட்டி மிரட்டுவது இந்த இரண்டாவது எண்ணைத்தான். சம்பளமும் கூடவே ஏறும் என்பதை அது சொல்லாது.

மாதம் எவ்வளவு போட வேண்டும்? சேர்க்கும் காலத்தில் மட்டும் விலைவாசிக்கு மேல் 2 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். பி.எஃப். வட்டி சமீப வருஷங்களில் 8.25, விலைவாசி 6, ஆக இந்த 2 பேராசை இல்லை. 30 வயதில் தொடங்கினால் மாதம் 22,000 சொச்சம். 40-இல் தொடங்கினால் 37,000. 50-இல் என்றால் 82,000. மூன்றுமே இன்றைய மதிப்பில், வருஷா வருஷம் விலைவாசி ஏறுகிற அளவுக்கு இந்தத் தொகையும் ஏற வேண்டும். அதாவது 30-இல் தொடங்குபவர் ஒவ்வொரு மாதமும் முக்கால் மாதச் செலவைச் சேர்க்கிறார், 50-இல் தொடங்குபவர் இரண்டே முக்கால் மாதச் செலவை. கடைசி ஆளால் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும், அந்த ஆளுக்கும் தெரியும், அதனால்தான் அவர் மனை வாங்கினால் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் உடனே கிளம்பிவிடுகிறார்.

37,000 என்றதும் எனக்கும் பகீரென்றது. ஆனால் அது வெறும் கையோடு தொடங்குபவரின் கணக்கு. என் பி.எஃப்.பில் 12 லட்சம் இருக்கிறது, அது இன்றைக்கே 40 மாதம், 2 சதவீதம் கூடுதலாக வளர்ந்தால் 60-இல் 58 மாதம். அப்புறம் அடிப்படைச் சம்பளம் 25,000 என்றால் மாதம் பி.எஃப்.புக்கு என் பங்கு 3,000 போகிறது. கம்பெனியும் 3,000 போடுகிறது, ஆனால் அதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிந்துபோய் 1,750தான் பி.எஃப்.பில் விழும். ஆக 4,750 ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது.

அந்த 1,250 போகும் இடத்தைப் பற்றிப் பலருக்குத் தவறான நம்பிக்கை இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1995-இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் அது. சூத்திரம் எளிது: ஓய்வூதியச் சம்பளத்தை வேலை பார்த்த வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் உங்கள் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் பொதுவாகக் கணக்கில் எடுப்பது 15,000 வரைதான், 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பு. 30 வருஷம் வேலை பார்த்து, 20 வருஷம் தாண்டியவர்களுக்குக் கிடைக்கும் 2 வருஷச் சலுகையும் சேர்த்தால், 15,000-ஐ 32-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்து மாதம் 6,857. பென்ஷன் வருமே என்று நம்பியிருப்பவர்கள் இதை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். இதைவிட மோசம், இது விலைவாசியோடு ஏறாது. அரசு ஊழியரின் பழைய ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி உண்டு, இதற்கு இல்லை. 20 வருஷம் கழித்து வரும் 6,857 இன்றைய மதிப்பில் 2,138 ரூபாய். நான் இதை மருந்துச் செலவுக்கு என்று ஒதுக்கிவிட்டு மறந்துவிட்டேன். மாமாவுக்கு வருவது 1,600, அதைக் கரண்ட் பில்லுக்கு வைத்திருக்கிறார்.

இன்னொரு கதவும் இருக்கிறது, ஐந்து வருஷம் கூடுதலாக வேலை பார்ப்பது. 40-இல் தொடங்கியவர் 65 வரை ஏதாவது ஒரு வருமானத்தில் செலவை ஓட்டிவிட்டால் தேவை 300 மாதமாகக் குறைகிறது, சேர்க்கும் காலமும் 25 வருஷமாகிறது. 37,000 என்பது 23,400-ஆக இறங்கிவிடும். முதலீட்டில் எந்தச் சாமர்த்தியமும் இவ்வளவு இறக்காது. செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் 65 வயதில் கணக்கு எழுதும் பெரியவர்களைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறேன், இப்போது அவர்கள் நாற்காலியை வேறு மாதிரி பார்க்கிறேன். ஆனால் உடம்பு ஒத்துழைக்க வேண்டும், வேலையும் இருக்க வேண்டும், இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது.

வீடு, மனை பற்றிச் சொல்லாவிட்டால் சேலத்துக்காரர்கள் விடமாட்டார்கள். குடியிருக்கும் வீட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வாடகையை மிச்சப்படுத்துகிறது, அந்த மிச்சம் ஏற்கெனவே செலவுக் கணக்கில் தெரிந்துவிட்டது. வாடகைக்கு விடும் வீடு வேறு. என் தெருவில் 60 லட்சம் சொல்லும் வீட்டுக்கு 14,000 வாடகை, வருஷத்துக்கு 2.8 சதவீதம். குறைவுதான், ஆனால் பென்ஷன் செய்யாத ஒன்றை வாடகை செய்யும், விலைவாசியோடு ஏறும். சிக்கல் என்னவென்றால், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 3 லட்சம் வேண்டும் என்றால் குளியலறையை மட்டும் விற்க முடியாது. புறவழிச்சாலை ஓரத்தில் முள் முளைத்துக் கிடக்கும் மனைக்கு அந்த வாடகையும் கிடையாது.

ஆஸ்பத்திரி என்றதும், அதை இந்த 360-க்குள் திணிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். 70 வயது தாண்டியவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். சர்க்கரை மாத்திரைக்கும் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் கையிலிருந்துதான் போகும். 60-க்கும் 70-க்கும் நடுவில் இருக்கும் 10 வருஷத்துக்குச் சொந்தமாக ஒரு பாலிசி வேண்டும், 50-க்குள் எடுத்துவிடுவது நல்லது, சர்க்கரை வந்த பிறகு பிரீமியம் கூடும் அல்லது பாலிசியே கிடைக்காமல் போகும். அதற்கு மேல் நான் 40 மாதச் செலவைத் தனியாக மருத்துவத்துக்கு என்று எழுதியிருக்கிறேன். சரியான எண்ணா என்று கேட்டால், பயத்தின் அளவு அது.

கணக்கில் வராத ஒன்றை ஏற்காட்டில் ஒரு நண்பர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஊருக்கு அப்பால் அவருக்கு நாலு ஏக்கர் காபி. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார். பங்குனி சித்திரையில் பூ மழை என்று ஒரு மழை வர வேண்டும், அது வந்தால்தான் காபிச் செடி ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும். அந்த மழை தவறினால் அந்த வருஷ விளைச்சல் போச்சு. "சராசரி பார்த்தா காபி நல்ல தொழில்தாங்க. ஆனா கடன் வாங்கின வருஷமே மழை போச்சுன்னா, நல்ல வருஷம் வரும்போது தோட்டம் உங்க கையில இருக்காது" என்றார்.

பங்கிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் பணத்தை வைத்து ஓய்வு பெறுபவருக்கும் இதேதான். 50 லட்சத்தோடு இரண்டு பேர் ஓய்வு பெறுகிறார்கள், இருவரும் வருஷத் தொடக்கத்தில் செலவுக்கு 4 லட்சம் எடுக்கிறார்கள். ஒருவருக்கு முதல் வருஷம் 20 சதவீதம் நஷ்டம், அடுத்த வருஷம் 30 சதவீதம் லாபம். மற்றவருக்கு முதலில் லாபம், அப்புறம் நஷ்டம். எதையும் எடுக்காமல் விட்டிருந்தால் இருவரிடமும் 52 லட்சம் இருக்கும். எடுத்ததால் முதலாமவரிடம் 42.64 லட்சம், இரண்டாமவரிடம் 44.64 லட்சம். இரண்டே வருஷத்தில் 2 லட்சம் வித்தியாசம், வரிசை மாறியதால் மட்டும். நண்பர் மூன்று வருஷச் செலவை எப்போதும் வங்கியில் வைத்திருக்கிறார், காபி விலை உச்சத்தில் இருக்கும்போதும் அதைத் தொடுவதில்லை. நானும் ஓய்வுக்கு முன்பே 36 மாதத்தைப் பங்குச்சந்தையிலிருந்து வெளியே எடுத்து வைப்பதாக முடிவு செய்திருக்கிறேன். ஒருவர் 30 லட்சம் வரை மூத்த குடிமக்கள் திட்டத்தில் இப்போது போடலாம், 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். ஆனால் 5 வருஷம் முடிந்து புதுப்பிக்கும்போது அன்றைய வட்டிதான். பி.பி.எஃப். என்ற பொது சேமநல நிதி ஒரு காலத்தில் 12 சதவீதம் கொடுத்தது, 2020-லிருந்து 7.1.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். 76 வயதில் போய், உங்கள் கணக்கு தப்பு என்று சொல்லி என்ன ஆகப் போகிறது? ஆனால் அவரே டைரியை நகர்த்தி, "போடு பார்க்கலாம், எத்தனை மாசம் வருது?" என்றார். போட்டேன். பையன் அனுப்புவதை எடுத்துவிட்டு, முதலையும் கரைத்தால் ஐந்து வருஷம். மாடி போர்ஷன் பையன் வந்தால் தங்குவதற்கு என்று ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை 7,000-க்கு விட்டால் எட்டு வருஷம் ஓடும். அப்போது அவருக்கு 84, அத்தைக்கு 78. அத்தையின் வயதை எழுதியபோது மாமா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எடுத்து எழுதினார்: மாடி வாடகை 7,000, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

காபி டம்ளரை வைக்க வந்த அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கேள்விக்குறி எதுக்குங்க, சாவி எங்கிட்டதான் இருக்குது" என்றார்.